ஜெனி எழுப்பிய முட்டைகள்

ஜெனி என்ன வேலை பார்க்கிறாள் என்று வில்லாபுரத்தில் அவள் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. “லேப்ல இருக்கா” என்பார்கள். ரத்தம் எடுக்கிற லேப் என்று நினைத்துக்கொண்டு, சுகர் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டவர்களும் உண்டு. அவளுடைய அம்மா சூசையம்மாள் அதைத் திருத்தியதில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நாள் தவறாமல் பூசைக்குப் போகிறவர். பெண்ணின் உடம்புக்கு வெளியே, ஒரு தட்டில் வைத்துக் கரு உண்டாக்குவதை அவருடைய திருச்சபை ஏற்பதில்லை. மகள் செய்வதோ அதே வேலை. அதனால் ஒரே வீட்டில் இருந்தும் அம்மாவும் மகளும் வேலையைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை.

பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கருத்தரிப்பு மையத்தில் ஜெனி கருவியல் நிபுணர். பெண்ணிடமிருந்து எடுத்த முட்டையை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய ஊசியால் ஒரே ஒரு விந்தணுவை அதற்குள் செலுத்துவது அவள் வேலை. மறுநாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்து பார்ப்பாள். முட்டைக்குள் இரண்டு சின்ன வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் கரு கூடிவிட்டது என்று அர்த்தம். ஒரு வட்டம் தாயுடையது, இன்னொன்று தகப்பனுடையது. வட்டம் இல்லையென்றால் இல்லை. பதினோரு வருடமாக இதைப் பார்க்கிறாள். இன்னும் முதல் தட்டை எடுத்து வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள்.

சரண்யாதேவியின் தட்டை அவள் முதல்முதலாகப் பார்த்த காலையில் ஒரு முட்டையில்கூட வட்டம் இல்லை.

சரண்யாதேவிக்குப் பிறந்த ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். வாக்கப்பட்டது பரவையில். கணவன் முத்திருளன் பரவை மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிறான். கல்யாணமாகி ஏழு வருடம். முத்திருளனின் விந்தணுச் சோதனை எப்போது எடுத்தாலும் நார்மல் என்றே வந்தது. எண்ணிக்கை சரி, ஓட்டம் சரி, உருவம் சரி. அந்த ஒரு வார்த்தையை அவனுடைய அம்மா தங்கப்பொண்ணு இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அத்தனை முட்டையும் வீணானது என்று தெரிந்த அன்றைக்கு மையத்தின் வரவேற்பறையிலேயே அவள் சத்தம் போட்டாள்.

“எம் மகன் நார்மலுன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீக? அப்ப என்னாத்துக்குக் கூடல? ஒண்ணு ஒங்க கை சரியில்ல, இல்ல இவ முட்டை சரியில்ல. ரெண்டுல எதுன்னு சொல்லுங்க!”

சரண்யாதேவி தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். முத்திருளன் வாசலுக்குப் போய் யாரிடமோ போனில் தக்காளி லோடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

கை சரியில்லை என்ற சொல் ஜெனியைக் குத்தியது. பேஷண்டுகள் அவளைப் பார்ப்பது அபூர்வம். அன்று கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று அத்தனையும் கேட்டாள். உள்ளே போய் ஊசியை, திரவத்தை, இன்குபேட்டரின் சூட்டை என்று எல்லாவற்றையும் சோதித்தாள். அதே நாளில், அதே கையால், அதே இன்குபேட்டரில் வைத்த இன்னொரு தம்பதியின் முட்டைகள் நன்றாகக் கூடியிருந்தன. கை தப்பவில்லை என்பது புத்திக்குத் தெரிந்தது. மனதுக்கு அது போதவில்லை. கூடாத முட்டைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். கெட்டுப்போன அடையாளமே இல்லை. தெளிவாக, உருண்டையாக, முதல் நாள் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. உள்ளே விந்தணு போயிருந்தும் ஒன்றும் நடக்காதது போல நின்றிருந்தன.

மையத்தின் டாக்டர் ஸ்யாமளாவிடம் போய்ச் சொன்னாள்.

“மேடம், முட்டை சாகல. நின்ன எடத்துலயே நிக்குது. அதை எழுப்புற சிக்னல் போய்ச் சேரலன்னு தோணுது.”

ஸ்யாமளாவும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார். “கால்சியம்தான் அந்த சிக்னல். அது எழும்பலன்னு சொல்றே. அடுத்த தடவை நாமளே எழுப்பிப் பாத்துடலாம். அயனோஃபோர் போடுவோம்.”

வெளியே இருக்கும் கால்சியத்தை முட்டைக்குள் நுழையவிடும் மருந்து அது. விந்தணுவைச் செலுத்திய பிறகு முட்டையைச் சற்று நேரம் அந்த மருந்தில் வைத்து எடுத்துக் கழுவ வேண்டும். இப்படி முழுதாகத் தோற்றுப்போனவர்களுக்கு மட்டும்தான் அந்த மையத்தில் அதைக் கொடுப்பார்கள்.

அடுத்த சுற்றுக்கு முன்னால் ஸ்யாமளா கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். முட்டையை எழுப்பும் சிக்னலைக் கொண்டுவர வேண்டியது விந்தணுதான் என்பதையும் சொன்னார். ஜெனியும் கூட இருந்தாள். முத்திருளன் உடனே தலையாட்டினான்.

“எல்லா முட்டைக்கும் அந்த மருந்தப் போட்ருங்க மேடம்.”

சரண்யாதேவி ஜெனியைப் பார்த்துக் கேட்டாள். “மருந்து போட்டுக் கூடிருச்சுன்னா, என் முட்டை நல்ல முட்டைன்னு ஆகுமாக்கா?”

ஜெனி டாக்டரைப் பார்த்தாள். ஸ்யாமளா கண்ணால் சொல்லச் சொன்னார்.

“ஓரளவுக்கு ஆகும். ஆனா போன தடவை லேப்ல ஏதோ தப்பு, இந்தத் தடவை சரியாயிருச்சுன்னும் யாராச்சும் சொல்லலாம். ஒரே நாள்ல பாதிக்கு மருந்து போட்டு, பாதிக்குப் போடாம வச்சுப் பாத்தா இன்னும் தெளிவாத் தெரியும்.”

“அப்ப அப்படியே செய்யுங்க.”

“மருந்து போடாத பாதி வீணாப் போகத்தான் வாய்ப்பு அதிகம்” என்றார் ஸ்யாமளா. “உங்களுக்கு கருதான் முக்கியம்னா நான் இதை வேண்டாம்னுதான் சொல்வேன்.”

“வீணாப் போனாப் போகட்டும் மேடம். எனக்குத் தெரியணும்.”

முத்திருளன் அவளைத் திரும்பிப் பார்த்தான். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவனும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

அவர்கள் போன பிறகு நர்ஸ் சொல்லித்தான் ஜெனிக்கு விஷயம் தெரிந்தது. தங்கப்பொண்ணு மகனுக்கு இரண்டாவதாக ஒரு பெண்ணைப் பார்த்துவைத்திருக்கிறாளாம். இந்தச் சுற்றும் தோற்றால் பேச்சை முடித்துவிடுவதாக இருக்கிறாளாம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று ஜெனிக்குப் பட்டது. பாதி என்று சொல்லிக்கொடுத்தது அவள்தானே.

முட்டை எடுக்கும் நாள் வந்தது. எதிர்பார்த்த அளவு முட்டை வரவில்லை. மேலே ஒட்டியிருந்த செல்களை நீக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, முழுதாக முதிர்ந்தவை ஐந்துதான் தேறின. பத்து இருந்தால் பாதியைப் பணயம் வைக்கலாம். ஐந்தில் எதைப் பிரிப்பது?

ஸ்யாமளாவிடம் சொன்னபோது அவர், “அந்தப் பொண்ணு மயக்கத்துலேருந்து முழுசா தெளியட்டும். நாம மறுபடி கேட்டே ஆகணும்” என்றார். மத்தியானத்துக்கு மேல் காத்திருக்க முடியாது. அதற்குள் விந்தணுவைச் செலுத்தியாக வேண்டும்.

விஷயம் முத்திருளனுக்குத் தெரிந்ததும் லேப் கதவருகே வந்து நின்றான்.

“மேடம், அஞ்சுதான்னு சொல்றாங்க. அவ ஏதோ ரோசத்துல சொல்லிட்டா. அஞ்சுக்கும் மருந்து போட்ருங்க. நான் சொல்றேன்ல.”

“அண்ணே, முட்டை அவங்களோடது. அவங்க சொல்லணும்” என்றாள் ஜெனி.

“நான் புருசன்.”

“நீங்களும் சொல்லணும். ரெண்டு பேரும் சேந்து சொல்லுங்க, நான் செய்றேன்.”

கட்டிலில் சரண்யாதேவி மயக்கம் தெளிந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்யாமளா அவளுடைய பேரை, ஊரை, அன்றைய கிழமையைக் கேட்டுத் தெளிவாக இருக்கிறாள் என்று உறுதி செய்துகொண்டார். பிறகு ஜெனி ஒளிக்காமல் சொன்னாள்: ஐந்துதான், பிரித்தால் கரு உண்டாகும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறையும், இப்போதும் மனதை மாற்றிக்கொள்ளலாம்.

முத்திருளன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ரெண்டை மருந்து போடாம வைங்க. மூணுக்குப் போடுங்க” என்றாள் சரண்யாதேவி.

“சரண்யா, சொன்னாக் கேளு...”

“நீங்க கேளுங்க. ஒங்க அம்மா மேலூர்ல பொண்ணு பாத்திருக்காகளே, அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீகளா? நான் வெளிய போறதா இருந்தா, என்கிட்டத்தான் கொறையின்னு தெரிஞ்சு போறேன். தெரியாமப் போக மாட்டேன்.”

முத்திருளன் கம்பியிலிருந்து கையை எடுத்தான். “அவ சொன்ன மாதிரியே செய்யுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

ஜெனி லேப்புக்குள் போனதும் எந்த இரண்டு என்ற கேள்வி எழுந்தது. ஐந்தும் பார்வைக்கு ஒன்று போலவே இருந்தன. அவள் தேர்ந்தெடுக்க விரும்பவில்லை. நல்லதாகத் தெரிவதைத் தன்னை அறியாமல் மருந்துப் பக்கம் ஒதுக்கிவிடுவாளோ என்ற பயம். ஐந்துக்கும் விந்தணுவைச் செலுத்தி முடித்த பிறகு, எந்த இரண்டு என்று சொல்லும்படி தட்டைப் பார்க்காத உதவியாளரிடம் கேட்டாள். அவர் சொன்ன இரண்டை ஓரமாக வேறு தட்டில் வைத்தாள். மற்ற மூன்றையும் மருந்தில் வைத்து எடுத்துக் கழுவினாள். எல்லாவற்றையும் இன்குபேட்டரில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவன் கிளமெண்ட் மகளை டியூஷனுக்கு அழைத்துப் போயிருந்தான். சூசையம்மாள் வைத்த தோசை ஜெனியின் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

“என்னடி, சாப்பிடாம பாத்துக்கிட்டே இருக்க?”

“ஒண்ணுமில்லம்மா.”

“லேப்ல எதுவும் பிரச்சினையா?”

அம்மா அந்தச் சொல்லை உச்சரித்தது ஜெனிக்கு ஆச்சரியமாக இருந்தது. மூடிவைத்திருந்தது எல்லாம் வந்துவிட்டது. பேரைச் சொல்லாமல், ஊரைச் சொல்லாமல், ஐந்து முட்டைகளின் கதையைச் சொன்னாள்.

“முட்டை முழுசா வளந்ததும் ஒரு எடத்துல நின்னுரும்மா. அதை மேல போகவிடாம ஒரு புரதம் தடுத்துப் பிடிச்சிருக்கும். விந்தணு உள்ள வரும்போது இன்னொரு புரதத்தக் கொண்டு வரும். அது வந்தா, முட்டைக்குள்ள அடைஞ்சு கெடக்குற கால்சியம் முட்டை பூராவும் பாயும். ஒரு தடவை இல்ல, விட்டு விட்டு மணிக்கணக்கா. அந்தக் கால்சியம் ஒரு கைனேஸை வேலை செய்ய வைக்கும்.”

“கைனேஸ்னா? எங்க காலத்துப் புஸ்தகத்துல கெடையாதே.”

“நொதிதாம்மா. மத்த புரதத்து மேல பாஸ்பேட்டை ஒட்டிவிடும். ஒட்டுனா அந்தப் புரதத்தோட போக்கே மாறிரும். இங்க என்ன ஆகும்னா, தடுத்துப் பிடிச்சிருக்குற புரதத்துல போய் ஒட்டும். அப்படி ஒட்டுனதை செல்லே அழிச்சுப்புடும். தடை போனதும் முட்டை நகரும். இதே குடும்பத்துக் கைனேஸ்தான் இதயத்துல இருக்கு, மூளையில ஞாபகத்துக்கும் இருக்கு. கால்சியம் வந்தாத்தான் அம்புட்டும் வேலைக்குக் கெளம்பும்.”

சூசையம்மாள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இவங்களுக்கு அந்தக் கால்சியமே வரல.”

“வரலன்னு நெனக்கிறோம். அதான் மருந்து போட்டு உள்ள விட்டிருக்கோம்.”

“விட்டும் அசையலன்னா?”

“அப்ப கோளாறு முட்டைக்குள்ளதான் இருக்கும். அந்தப் பொண்ணு வீட்டை விட்டுப் போயிரும்.”

சூசையம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாக ஒரு தோசை ஊற்றி வந்தார். “நீ செய்றது சரின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணுக்காக இன்னைக்கு செபிக்கிறேன். பேரு வேணாம். சாப்பிடு.”

மறுநாள் காலை ஜெனி மற்ற எல்லாருக்கும் முன்னால் மையத்துக்குப் போனாள். மருந்து போடாத தட்டை முதலில் எடுத்தாள். இரண்டு முட்டையும் போன தடவை போலவே நின்றிருந்தன. வட்டம் இல்லை. லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் இல்லை.

இரண்டாவது தட்டைக் கொஞ்ச நேரம் எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள். பிறகு வைத்தாள். முதல் முட்டை சிதைந்து கறுத்திருந்தது. அடுத்ததற்கு நகர்த்தினாள். நடுவில் இரண்டு வட்டங்கள், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு. மூன்றாவதிலும் அப்படியே.

அவளுக்குக் கண் மங்கியது. மைக்ராஸ்கோப்பை விட்டு நகர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தாள். சந்தேகமில்லை. கால்சியம் போனதும் அந்த முட்டைகளின் கைனேஸ் வேலை செய்திருக்கிறது, தடை போயிருக்கிறது. சரண்யாதேவியின் முட்டைகள் இத்தனை காலம் வராத ஒரு சிக்னலுக்காகக் காத்திருந்திருக்கின்றன.

சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. லேப்பை விட்டு வெளியே வந்தபோது முத்திருளன் மாடிப்படியில் தனியாக நின்றிருந்தான். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தான். சட்டையில் கொத்தமல்லி வாசனை.

“கூடிருச்சா மேடம்?”

“ரெண்டு கூடியிருக்குண்ணே. டாக்டர் வந்து விவரம் சொல்வாங்க.”

அவன் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. “மருந்து போட்டதா, போடாததா?”

“மருந்து போட்டதுண்ணே.” முட்டையில் கோளாறில்லை, குறை தன்னிடம்தான் என்று அவன் புரிந்துகொண்டான். சுவரில் சாய்ந்தான்.

“எங்க அம்மாகிட்ட முட்டையிலதான் கோளாறு, மருந்து போட்டுச் சரி பண்ணியாச்சுன்னு சொல்லிருங்க மேடம். சரண்யாவுக்கும் அப்படியே இருக்கட்டும். கரு வந்துருச்சுல்ல, இனி எதுக்கு அது? மார்க்கெட்ல தெரிஞ்சா நான் தலை நிமிந்து நடக்க முடியாது.”

“அண்ணே, உங்க அம்மாகிட்ட நாங்க எதுவும் சொல்லப் போறதில்ல. அது உங்க வீட்டு விஷயம். ஆனா சரண்யாகிட்டப் பொய் சொல்லச் சொல்லாதீங்க. இதைத் தெரிஞ்சுக்கத்தான் அவங்க ரெண்டு முட்டையத் தூக்கிக் குடுத்தாங்க.”

“நான் கெஞ்சிக் கேக்குறேன்.”

“முடியாதுண்ணே.”

அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். படவில்லை. படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அந்தப் பெரிய உடம்பு அப்படிக் குறுகி உட்கார்ந்ததைப் பார்க்க ஜெனிக்குப் பாவமாக இருந்தது. இருந்தும் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை.

ஸ்யாமளா இருவரையும் கூப்பிட்டு, பார்த்ததை அளந்து பேசினார். இவ்வளவு குறைந்த முட்டைகளை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் இரண்டு சுற்றையும் சேர்த்துப் பார்த்தால் முட்டைக்கு எழும் சக்தி இருக்கிறது, விந்தணு கொண்டுவர வேண்டிய புரதம்தான் குறைவாகவோ இல்லாமலோ இருக்கிறது. சாதாரணச் சோதனையில் அது தெரியாது என்பதால்தான் நார்மல் என்று வந்தது. யார் செய்த தவறும் இல்லை.

சரண்யாதேவி ஜெயித்தவள் போலச் சிரிக்கவில்லை. “மருந்து போடாத ரெண்டும்?” என்று கேட்டாள்.

“அப்படியே நின்னுருச்சும்மா” என்றார் ஸ்யாமளா.

அவள் அழுதாள். முத்திருளன் அவள் தோளைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

வரவேற்பறையில் தங்கப்பொண்ணு காத்திருந்தாள். “கூடிருச்சும்மா” என்று மட்டும் சொன்னான் மகன். “அப்ப இவ முட்டைய மருந்து போட்டுத்தான் தேத்தியிருக்காக” என்றாள் அவள். அவன் மறுக்கவில்லை. சரண்யாதேவி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆட்டோவில் ஏறினாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்ற ஜெனிக்கு ஓடிப்போய்க் கத்த வேண்டும் போல இருந்தது. நின்ற இடத்திலேயே நின்றாள்.

இரண்டு கருவில் ஒன்றை அந்த வாரமே கருப்பையில் வைத்தார்கள். இன்னொன்றை உறையவைத்தார்கள். வைத்த கரு தங்கவில்லை.

அந்த முடிவு வந்த அன்று தங்கப்பொண்ணு மேலூருக்குப் போக நல்ல சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். சரண்யாதேவி தடுக்கவில்லை; தன் துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் முத்திருளன் வாசலில் குறுக்கே நின்று, தெருவுக்கே கேட்கும்படி அம்மாவிடம் சொன்னானாம்: “எங்க போற? எந்தப் பொண்ணக் கொண்டாந்தாலும் இதேதான். கொறை எங்கிட்ட இருக்கும்மா. அவகிட்ட இல்ல.” இதைப் பிற்பாடு சரண்யாதேவியே ஜெனியிடம் சொன்னாள். சொல்லும்போது, “அம்புட்டு நாள் கழிச்சுச் சொன்னாரு. ஆனா சொல்லிட்டாரு” என்றாள். பையில் வைத்த துணியை அன்று எடுத்து வைக்கவில்லையாம். ஒரு வாரம் பை அப்படியே கிடந்திருக்கிறது.

உறையவைத்த கருவை உருக்கும் நாளில் ஜெனிக்கு மறுபடியும் பயம். உருகும்போதே சிதைந்துபோகிற கருக்களும் உண்டு. அது சிதையவில்லை. கருப்பையில் வைத்த பிறகு ரத்தச் சோதனை வரும்வரை அவள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கரு தங்கியது.

நாலாம் மாத ஸ்கேனுக்கு சரண்யாதேவியோடு தங்கப்பொண்ணும் வந்தாள். மருமகள் உள்ளே போன பிறகு, டீ குடிக்க வெளியே வந்த ஜெனியை வராந்தாவில் நிறுத்தினாள். சண்டைக்குத்தான் என்று ஜெனி நினைத்தாள்.

“தாயி, நீதான அந்த லேப்புக்காரப் பொண்ணு? ஒண்ணு கேக்கணும். எம் மகன் சொல்லிட்டான். அதை நீ மறுபடி சொல்ல வேணாம்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அது அவனுக்கு எங்கேருந்து வந்துச்சு? எங்கிட்டேருந்தா?”

ஜெனி இதை எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு நாளும் அடுத்தவள் மேல் சுட்டிய விரலை அந்த அம்மாள் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, தூக்கம் இல்லாத கண்களோடு நின்றிருந்தாள்.

“யார்கிட்டேருந்துன்னு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சுக்க வேற சோதனை இருக்கு. ஆனா நீங்க செஞ்சதால எதுவும் வரல. சாப்பிட்டதுலயோ, செஞ்ச பாவத்துலயோ வர்றது இல்ல இது.”

“நெசமாவா?”

“நெசமா.”

தங்கப்பொண்ணு முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். “அவள நான் என்னென்ன பேசிட்டேன்” என்றாள். உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள், ஸ்கேன் முடிந்துவிட்டது, துணைக்கு வந்தவர் வரலாம் என்று. தங்கப்பொண்ணு செருப்பை வாசலில் விட்டுவிட்டு அவசரமாக உள்ளே போனாள்.